இலை சிவப்பதற்கு முன் கியோத்தோ: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு திட்டம்

கியோத்தோ என்றதும் இரண்டு காட்சிகள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒன்று ஏப்ரல் மாதச் செர்ரிப் பூ, மற்றொன்று நவம்பர் மாதச் சிவந்த மேப்பிள் இலை. இலையுதிர் காலம் என்றால் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்று நினைத்து, செப்டம்பர் கடைசிக்கோ அக்டோபர் முதல் வாரத்துக்கோ விமானச் சீட்டு எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அந்த நாட்களில் கியோத்தோவில் மேப்பிள் பச்சையாகத்தான் இருக்கும். நகருக்குள் இலை நன்றாகச் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை.

சீட்டு எடுத்துவிட்டீர்கள் என்றால் கவலைப்பட வேண்டாம். இன்னும் எடுக்கவில்லை என்றால், எடுக்கலாம் என்றே சொல்வேன். 794 முதல் 1868 வரை பேரரசரின் தலைநகராக இருந்த ஊர் அது. நவம்பரில் இலை பார்க்க வரும் கூட்டம் சில கோயில்களில் நகரக்கூட விடாது. முன்இலையுதிர் காலத்தில் நிலா இருக்கிறது, வயல் வரப்புகளில் சிவப்புப் பூ இருக்கிறது, அறுவடைத் திருவிழா இருக்கிறது, மண்டபங்களுக்குள் நின்று சிலைகளை நிதானமாகப் பார்க்க இடமும் இருக்கிறது. ஆனால் வெயிலும் புயலும் உண்டு. இந்த இரண்டையும் கணக்கில் வைத்து நாட்களை அடுக்கினால் பயணம் நன்றாக அமையும்.

முதல் படி: தேதி

செப்டம்பர் முதல் பாதியைத் தவிர்த்துவிடுங்கள். கியோத்தோ மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். காற்று நகராது, புழுக்கம் அதிகம். செப்டம்பரின் சராசரிப் பகல் வெப்பம் ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் என்றாலும், மாதத் தொடக்கத்தில் 33, 34 என்று ஏறுவது சாதாரணம். அக்டோபரில் சராசரி 23-க்கு இறங்கிவிடும், காலையில் மெல்லிய மேல்சட்டை தேவைப்படும். செப்டம்பர் 22-இலிருந்து அக்டோபர் 10 வரை உள்ள இடைவெளிதான் என் தேர்வு.

அதற்குள்ளும் விடுமுறைகளைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். ஜப்பானில் செப்டம்பர் மூன்றாம் திங்கள் முதியோர் நாள், 22 அல்லது 23-ஆம் தேதி சமஇரவு நாள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேலைநாள் மாட்டிக்கொண்டால் அதுவும் விடுமுறையாகிவிடும். 2026-இல் அப்படித்தான் அமைகிறது: செப்டம்பர் 19 சனி முதல் 23 புதன் வரை ஐந்து நாள் தொடர் விடுமுறை. அந்த நாட்களில் விடுதி வாடகை ஏறும், உள்ளூர்க் கூட்டமும் சேரும். அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. அக்டோபர் இரண்டாம் திங்கள் ஜப்பானில் விளையாட்டு நாள், அதாவது மூன்று நாள் வார இறுதி.

பௌர்ணமியையும் சேர்த்துப் பாருங்கள். இலையுதிர் கால நடுவில் வரும் நிலாவைப் பார்ப்பதற்கென்றே கோயில்கள் விழா நடத்துகின்றன. 2026-இல் அந்த இரவு செப்டம்பர் 25. ஆகவே 23-ஆம் தேதி இரவு வந்து சேர்ந்து 30-ஆம் தேதி கிளம்புவது மிக நல்ல அமைப்பு: விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், அடுத்த கூட்டம் வந்திருக்காது. 2027-இல் நிலா இரவு செப்டம்பர் 15. வெயில் இன்னும் இருக்கும், நிலாவுக்காக அதைப் பொறுத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம்.

எத்தனை நாள்? கியோத்தோவுக்கும் அருகிலுள்ள நாராவுக்கும் சேர்த்து ஆறு முழு நாட்கள் வையுங்கள். அதில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். ஏன் என்பதைப் புயல் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: விசா, விமானம், முன்பதிவு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கும், சில்லு பொருத்திய மலேசியக் கடவுச்சீட்டுக்கும் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்தியாவில் விண்ணப்ப மையம் வழியாகக் கொடுத்தால், ஒருமுறை நுழைவுக்கான சுற்றுலா விசா மின்விசாவாக வருகிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதை விமான நிலையத்தில் உங்கள் கைப்பேசியில் இணையம் வழியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சடித்த தாளோ திரையைப் பிடித்து வைத்த படமோ (ஸ்கிரீன்ஷாட்) செல்லாது. ஆகவே இறங்கியதும் இணையம் வேலை செய்யும்படி மின்சிம்மோ ரோமிங்கோ முன்பே போட்டுவிடுங்கள். குடிநுழைவு, சுங்கப் படிவங்களை 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் வீட்டிலிருந்தே நிரப்பி, கியூஆர் குறியைத் தயாராக வைத்துக்கொண்டால் வரிசையில் நேரம் மிச்சம்.

கியோத்தோவுக்கு விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது கடலுக்குள் செயற்கைத் தீவில் கட்டிய கான்சாய் விமான நிலையம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் வழியாக அங்கே வரலாம். அங்கிருந்து 'ஹாருகா' விரைவு ரயில் நேராகக் கியோத்தோ நிலையத்துக்கு 80 நிமிடத்துக்குள் கொண்டுவந்து விடும். வெளிநாட்டவருக்குத் தள்ளுபடிச் சீட்டு உண்டு, முன்பே வாங்குங்கள். தோக்கியோவில் இறங்கினால் நொசோமி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டே கால் மணி நேரம். ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. கியோத்தோ, நாரா, ஒசாக்கா மட்டும் சுற்றுகிறவர்களுக்கு அது வீண் செலவு.

கோயில்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பதிவே வேண்டாம், வாசலில் சில நூறு யென் கொடுத்து நுழையலாம். விதிவிலக்கு சில. பாசித் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற சைஹோஜி கோயிலுக்கு முன்பதிவு கட்டாயம். கத்சுரா அரண்மனைத் தோட்டத்துக்குப் பேரரசு இல்ல முகமையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். நகர நடுவிலுள்ள பழைய பேரரசர் அரண்மனைக்கு முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை.

மூன்றாம் படி: தங்கும் இடம்

முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு பகுதிகள் வசதி. ஒன்று கியோத்தோ நிலையத்தைச் சுற்றி. விமான நிலைய ரயில், நாரா ரயில், பேருந்து எல்லாம் அங்கேதான். பெட்டியோடு அலைய வேண்டாம். மற்றொன்று ஷிஜோ கராசுமா பகுதி. சுரங்க ரயிலும் ஹான்கியூ ரயிலும் சந்திக்கும் இடம், சாப்பாட்டுக் கடைகள் அதிகம், மாலையில் நடந்தே கியோன், காமோ ஆற்றங்கரை போய்வரலாம். குழந்தைகள், பெரியவர்கள் உடன் வந்தால் நிலையத்துப் பக்கம், இல்லையென்றால் ஷிஜோ.

ஓர் இரவாவது கோயில் விடுதியில் தங்கிப் பாருங்கள். சிஷாகுயின் கோயிலின் விடுதியில் தங்குகிறவர்கள் விடியற்காலை வழிபாட்டில் உட்காரலாம். அது ஷிங்கோன் பிரிவுக் கோயில். அங்கே மந்திரம் ஓதி நெருப்பு வளர்த்துச் செய்யும் சடங்கு நம்மூர் ஓமத்தின் வழிவந்ததுதான், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போனது. அறை எளிமையாக இருக்கும். ஆனால் காலை வழிபாட்டின் முழக்கத்தை எந்த நட்சத்திர விடுதியும் தராது.

அறை வாடகைக்கு மேல் தங்கல் வரி தனி. 2026 மார்ச்சிலிருந்து அது உயர்ந்திருக்கிறது. ஒருவருக்கு ஓர் இரவு வாடகை 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200 யென், 20,000-க்குக் கீழ் என்றால் 400, அதற்கு மேல் 50,000 வரை 1,000. இன்னும் மேலே போனால் வரியும் பல மடங்கு. பல விடுதிகளில் இதை அங்கே போனபின்தான் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

நான்காம் படி: ஊருக்குள் போவது வருவது

வந்திறங்கியதும் இக்கோகா என்னும் அட்டை ஒன்றை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ரயில், சுரங்க ரயில், பேருந்து எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம், கடைகளிலும் செல்லும். நகரப் பேருந்தில் பின்கதவில் ஏறி முன்கதவில் இறங்க வேண்டும், காசு இறங்கும்போதுதான். ஊருக்குள் எங்கே இறங்கினாலும் பெரியவர்களுக்கு 230 யென். பழைய வழிகாட்டிகளில் பார்க்கும் ஒருநாள் பேருந்து பாஸ் இப்போது இல்லை. சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த ஒருநாள் பாஸ் 1,100 யென்னுக்குக் கிடைக்கிறது.

பேருந்தை மட்டும் நம்பாதீர்கள் என்பது என் அழுத்தமான யோசனை. காலை 9 மணிக்கு மேல் கியோமிசுதெரா கோயில் பக்கம் போகும் பேருந்துகள் நிரம்பி வழியும். அதில்தான் உள்ளூர் முதியவர்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகவேண்டியிருக்கிறது. ரயிலில் பக்கத்து நிலையம் வரை போய், மீதியை நடப்பதுதான் உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது. ஊர் பெரும்பாலும் சமதளம், தெருக்கள் நேர்நேராகக் கட்டம் போட்டவை. பெரிய பெட்டியைப் பேருந்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அடுத்த ஊர் விடுதிக்குப் பெட்டியை மட்டும் அனுப்பிவைக்கும் கூரியர் சேவை பெரும்பாலான விடுதிகளில் உண்டு.

ஐந்தாம் படி: ஒரு நாளை மூன்றாகப் பிரிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முன்இலையுதிர் காலத்தில் கியோத்தோவில் வெட்டவெளி எல்லாம் அதிகாலைக்கு, மண்டபம் எல்லாம் நண்பகலுக்கு, நீர்நிலையும் தெருவும் மாலைக்கு.

காரணம் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் சூரியன் காலை 5.45 வாக்கில் உதித்து மாலை 5.50 வாக்கில் மறைகிறது. கோயில்களோ பெரும்பாலும் மாலை 5 மணிக்கு மூடிவிடும், உள்ளே விடுவது 4.30-க்கே நின்றுவிடும். 10 மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் கூட்டமும் வெயிலும்தான் கிடைக்கும். அதே நேரம், 6 மணிக்கே திறக்கும் இடங்களும் இரவு பகல் மூடாத இடங்களும் இருக்கின்றன. கியோமிசுதெரா 6 மணிக்குத் திறக்கிறது. ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கதவே இல்லை. அராஷியாமா மூங்கில் தோப்பும் அப்படித்தான். இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு அதிகாலைகளுக்கு வைத்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

நண்பகலில் மண்டபத்துக்குள் போங்கள் என்றேன். வெயிலுக்கு ஒதுங்குவதற்காக மட்டும் அல்ல. நமக்கு நெருக்கமான பலரை அங்கேதான் சந்திக்கப் போகிறோம்.

சஞ்சூசங்கென்தோ என்னும் கோயிலில் ஏறத்தாழ 120 மீட்டர் நீளமான ஒரே மண்டபம். 1164-இல் கட்டியது எரிந்துபோக, 1266-இல் மீண்டும் எழுப்பினார்கள். உள்ளே 1,001 கன்னொன் சிலைகள். கன்னொன் என்பது அவலோகிதேசுவரர்தான். நடுவில் அமர்ந்த பெரிய சிலை தங்கேய் என்னும் சிற்பி 1254-இல் முடித்தது. இருபுறமும் பத்து வரிசைகளில் ஆளுயரச் சிலைகள் நிற்கின்றன. எல்லோரும் அந்த எண்ணிக்கையைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் முன்வரிசையைப் பாருங்கள். காவல் தெய்வங்கள் 28 பேர் அங்கே நிற்கிறார்கள். பிரம்மா இருக்கிறார், இந்திரன் இருக்கிறார், கருடன் புல்லாங்குழல் வாசிக்கிறார். பெயர்ப்பலகையில் பொன்டென், தாய்ஷாகுடென், காருரா என்று இருக்கும். கண்ணில் பளிங்கு பதித்த அந்த முகங்கள் மங்கிய வெளிச்சத்தில் உங்களைத் திருப்பிப் பார்க்கும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, அது ஒருவகையில் நன்மையே.

தோஜி கோயில் கியோத்தோ நிலையத்திலிருந்து 15 நிமிட நடை. 796-இல் தொடங்கியது. அதன் ஐந்தடுக்குக் கோபுரம் ஏறத்தாழ 55 மீட்டர், ஜப்பானின் மரக் கோபுரங்களில் உயரமானது. இப்போது நிற்பது 1644-இல் கட்டியது. கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, உபதேச மண்டபத்துக்குள் போய் உட்காருங்கள். 21 சிலைகளைக் கொண்டு ஒரு மண்டலத்தையே தரையில் விரித்திருக்கிறார்கள். அதில் பிரம்மா நான்கு முகங்களோடு நான்கு அன்னங்கள் மேல் அமர்ந்திருக்கிறார், இந்திரன் யானை மேல். பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டு மர வேலை. அயல்நாட்டுக் கோயில் என்று நினைத்து நுழைகிறவருக்கு இந்த மண்டபம் வேறு உணர்வைத் தரும். மாதந்தோறும் 21-ஆம் தேதி இந்தக் கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும், 25-ஆம் தேதி கிதானோ தென்மாங்கு ஆலயத்தில்.

ஆறாம் படி: நாட்களை அடுக்குவது

முதல் நாள் கிழக்கு மலையடி. காலை 6 மணிக்குக் கியோமிசுதெராவில் இருங்கள். அந்த நேரத்தில் கெய்ஹான் ரயிலின் கியோமிசு கோஜோ நிலையத்திலிருந்து ஏற்றத்தில் நடந்து போவதே சுகம். மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத் தூண்கள் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரமேடை 1633-இல் மீண்டும் கட்டியது, ஆணி இல்லாமல் பொருத்தியது. இறங்கும்போது சன்னென்சாகா, நினென்சாகா படித்தெருக்கள் வழியாக வாருங்கள், கடைகள் திறந்திருக்காது, தெருவின் அழகு முழுதாகத் தெரியும். 9 மணிக்கு மேல் சஞ்சூசங்கென்தோ. மதியம் விடுதிக்குப் போய்த் தூங்குங்கள். மாலை காமோ ஆற்றங்கரை.

இரண்டாம் நாளை நிலா இரவாக வைத்தால் மேற்குப் பக்கம். விடிந்ததும் மூங்கில் தோப்பு, 8.30-க்குத் தென்ரியூஜி தோட்டம். முசோ சோசெகி என்னும் துறவி அமைத்த குளம் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது, பின்னாலுள்ள மலையையும் தோட்டத்தின் பகுதியாக்கியிருப்பார். பிறகு தாய்காகுஜி கோயிலுக்கும் ஹிரோசாவா குளத்துக்கும் நடுவிலுள்ள வயல்களில் நடங்கள். சமஇரவு நாளையொட்டிச் சரியாகப் பூக்கும் ஹிகான்பானா என்னும் பூ வரப்புகளில் செந்நிறமாக நிற்கும். இலையே இல்லாமல் தண்டும் பூவும் மட்டும் எழும். அதன் கிழங்கு நஞ்சு, வரப்பைத் துளைக்கும் பிராணிகளை விரட்டவே உழவர்கள் அதை நட்டார்கள். முன்னோர் கல்லறைகளுக்குப் போய் வழிபடும் வாரமும் அதுதான். நெல் முற்றிய வயலின் ஓரத்தில் அந்தப் பூவைப் பார்த்தால், மேப்பிளைத் தவறவிட்டோம் என்ற எண்ணம் வராது. வரப்பில் ஏறி மிதிக்காமல் பாதையில் நின்றே பாருங்கள், அது ஒருவருடைய வயல்.

மாலையில் தாய்காகுஜியின் ஓசாவா குளம். சாகா பேரரசரின் புறமனையாக இருந்து 876-இல் கோயிலானது. நிலா இரவை ஒட்டி இங்கே விழா நடக்கும், டிராகன் முகம் வைத்த படகில் குளத்தைச் சுற்றலாம். படகுச் சீட்டுக்குப் போட்டி அதிகம், கோயிலின் அறிவிப்பை முன்பே பாருங்கள். சீட்டு கிடைக்காவிட்டாலும் கரையிலிருந்து தண்ணீரில் நிலாவைப் பார்க்கலாம். மேகம் மூடினால் அடுத்த நாள் பாருங்கள், நிலா பெரிதாகத் தேய்ந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை ஃபுஷிமி இனாரி. மலை 233 மீட்டர்தான், ஆனால் சிவப்பு வளைவுகள் வழியாக உச்சி வரை போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். முதல் வளைவு வரிசையோடு திரும்பிவிடாதீர்கள், பாதி மலைக்கு மேல் கூட்டம் கரைந்துவிடும். கொசுமருந்து தடவிக்கொள்ளுங்கள். அங்கிருந்து நாரா ரயில் தடத்தில் ஊஜி போகலாம். 1053-இன் ஃபீனிக்ஸ் மண்டபம் குளத்தில் நிழல் விழ நிற்கும் பியோதோயின் அங்கே. 10 யென் நாணயத்தில் இருப்பது அதுதான், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேயிலைக்கும் ஊஜி பெயர்பெற்றது.

நான்காம் நாள் தோஜியும் வடமேற்கும். கின்காகுஜி பொன்மண்டபத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். 1950-இல் எரிக்கப்பட்டு 1955-இல் மீண்டும் கட்டப்பட்டது. பார்க்கலாம், அரை மணி நேரம் போதும். பக்கத்திலுள்ள ரியோவான்ஜியில் அதைவிட அதிக நேரம் இருங்கள், 15 கற்களையும் வெண்சரளையையும் பார்த்தபடி திண்ணையில் உட்காரலாம். அக்டோபர் 1 முதல் 5 வரைக்குள் போனால் கிதானோ தென்மாங்குவின் ஸுய்கி திருவிழாவைத் தவறவிடாதீர்கள். சாமி பல்லக்கின் கூரையைச் சேப்பந்தண்டால் வேய்ந்து, காய்கறி, தானியங்களால் உருவங்கள் செய்து அலங்கரிப்பார்கள். ஊர்வலம் 4-ஆம் தேதி.

செப்டம்பர் பிற்பாதியில் போகிறவர்கள் பேரரசர் அரண்மனைக்குக் கிழக்கே உள்ள சிறிய நாஷினோகி ஆலயத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஹாகி என்னும் புதர்ச்செடி சின்னச் சின்ன ஊதாப் பூக்களோடு வளைந்து கிடக்கும், அதன் கிளைகளில் கவிதை எழுதிய சீட்டுகளைக் கட்டியிருப்பார்கள்.

ஏழாம் படி: நாராவுக்கு ஒரு நாள்

கியோத்தோவுக்கும் முந்தைய தலைநகரம். கிந்தெத்சு விரைவு ரயிலில் 35 நிமிடம், இறங்குகிற நிலையமும் பூங்காவுக்குப் பக்கம். தோதாய்ஜி காலை 7.30-க்குத் திறக்கிறது, திறக்கும்போதே உள்ளே இருந்தால் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தருக்கு முன் நீங்களும் சில பேரும்தான்.

752-இல் இந்தச் சிலைக்குக் கண்திறப்பு விழா நடந்தபோது தூரிகை எடுத்துக் கண் எழுதியவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து 736-இல் ஜப்பான் வந்து சேர்ந்த துறவி. தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டு அந்த நிகழ்வில் பங்கெடுத்தார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் சோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு அந்த மண்டபத்துக்குள் போவது வேறு அனுபவம்.

கோஃபுகுஜி கருவூலத்தில் அசுரர் சிலை இருக்கிறது. 734-இல் அரக்கும் துணியும் கொண்டு செய்தது, மூன்று முகம், ஆறு கை. போர் வெறி கொண்ட அசுரனை, புருவம் சுருக்கிய ஓர் இளைஞனாக வடித்திருக்கிறார்கள். நாராவில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றாலும் இதைப் பார்ப்பேன். அந்தக் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் திருப்பணிக்காக மூடியிருக்கிறது, ஏமாற வேண்டாம்.

நாரா மான்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலையுதிர் காலம் ஆண்மான்களுக்கு இனச்சேர்க்கைப் பருவம், கொம்பால் முட்டிக் காயப்படுத்துவது உண்டு. பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி ஏமாற்றாமல் உடனே கொடுத்துவிடுங்கள். சிறு பிள்ளைகளைக் கொம்புள்ள மானோடு படம் எடுக்க விடாதீர்கள்.

எட்டாம் படி: புயல் வந்தால்

செப்டம்பர் ஜப்பானுக்குப் புயல் மாதம், அக்டோபரிலும் வரும். 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜெபி புயலில் கான்சாய் விமான நிலையத்தின் ஓடுதளம் கடல்நீரில் மூழ்கியது, கரையோடு இணைக்கும் பாலத்தில் கப்பல் மோதியது, ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே சிக்கினார்கள். அப்படி ஒவ்வொரு ஆண்டும் நடக்காது. ஆனால் ரயில் நிற்பது நடக்கும்.

ஜப்பானில் புயல் திடீரென்று வருவதில்லை. வானிலை முகமையும் ஆங்கில ஒளிபரப்பான என்எச்கே வேர்ல்டும் சில நாள் முன்பே பாதையைச் சொல்லிவிடும். ரயில் நிறுவனங்கள் முந்தின நாளே 'நாளை இத்தனை மணிக்கு மேல் ஓடாது' என்று அறிவித்துவிடும். அறிவிப்பு வந்தால் அதற்கு எதிராக ஓடாதீர்கள். அன்றைய நாளைக் காலி நாளாக்கி, காலி நாளை அன்றைய திட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இதற்காகத்தான் ஒரு நாளைச் சும்மா விடச் சொன்னேன். பக்கத்துக் கடையில் தண்ணீரும் சாப்பாடும் முந்தின மாலையே வாங்கிவையுங்கள். புயல் கடந்த மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் மரம் விழுந்து மலைப்பாதைகள் மூடியிருக்கலாம், குராமா, ஹியெய் மலைப் பக்கம் போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் வானிலையால் வரும் தாமதம் அடங்குமா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

புயல் வராவிட்டால் அந்தக் காலி நாளில் ஓஹாரா போங்கள். கியோத்தோ நிலையத்திலிருந்து 17-ஆம் எண் பேருந்தில் ஒரு மணி நேரம். சன்சென்யின் கோயிலின் பாசித் தோட்டம், வயல், ஓடை.

சாப்பாடு

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கியோத்தோ கஷ்டம், ஆனால் ஜப்பானின் மற்ற ஊர்களைவிட மேல். சிக்கல் இறைச்சியில் இல்லை, தாஷி என்னும் சாற்றில் இருக்கிறது. உலர்மீன் சீவலில் எடுக்கும் அந்தச் சாறு ஊதோன், சோபா நூடுல்ஸ், மிசோ சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் இருக்கும். 'காய்கறி மட்டும்' என்று சொன்னாலும் அதைக் கடைக்காரர் மீனாகக் கணக்கில் எடுக்க மாட்டார். 'நிகு தோ சகானா வா தபேமசென், கத்சுவோ தாஷி மோ' என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த அட்டையைக் காட்டுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, மீன்சாறும்கூட.

நிம்மதியாகச் சாப்பிட ஏற்ற இடம் கோயில் சாப்பாடு. ஷோஜின் ரியோரி என்று பெயர். இறைச்சி, மீன் இல்லாதது மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் சேர்க்காத மரபு. தென்ரியூஜிக்குள் ஷிகெத்சு என்னும் உணவகம் மதியத்தில் இதைப் பரிமாறுகிறது. நான்சென்ஜி பக்கத்தில் வெந்நீர்த் தோஃபு கடைகள் உண்டு, தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவசரத்துக்குச் சிறுகடைகளில் உப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டை கிடைக்கும். காரம் வேண்டும் என்றால் பருப்புப்பொடி ஒரு பொட்டலம் கொண்டுபோங்கள், வெறுஞ்சோறு எங்கும் கிடைக்கும். இந்தப் பருவத்துக்கே உரியவை கஷ்கொட்டை இனிப்பு, திராட்சை, அக்டோபரில் சீமைப்பனிச்சை. சமஇரவு வாரத்தில் சிவப்புப் பயற்றுப் பூரணம் போர்த்திய ஓஹாகி உருண்டை இனிப்புக் கடைகளில் இருக்கும், கட்டாயம் சாப்பிடுங்கள்.

கோயிலிலும் தெருவிலும்

வளைவு வாசல் இருந்தால் அது ஜப்பானின் பழஞ்சமயமான ஷிந்தோவின் ஆலயம்: கை கழுவி, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே வெறுங்காலோடு போகாமல் காலுறை போடுவார்கள், ஆகவே கழற்றி மாட்ட எளிதான காலணியும் கிழியாத காலுறையும் வேண்டும்.

கியோனில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைய 2024-இலிருந்து தடை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும். வேலைக்குப் போகும் மாய்கோ என்னும் பயிற்சிக் கெய்ஷா பெண்களை வழிமறித்துப் படம் எடுத்தவர்களால் வந்த தடை அது. பெரிய தெருவான ஹனாமிகோஜியில் தாராளமாக நடக்கலாம்.

பையில் போட வேண்டியவை: மடக்குக் குடை, தண்ணீர்ப் புட்டி, கைத்துண்டு (கழிவறைகளில் பெரும்பாலும் துடைக்கத் தாள் இருக்காது), குப்பைக்கு ஒரு பை (தெருவில் தொட்டி அரிது), கோயில் கட்டணத்துக்கு நூறு யென் நாணயங்கள், இரண்டு தட்டை முள் உள்ள மின்செருகி மாற்றி. மின்சாரம் 100 வோல்ட், கைப்பேசி மின்னேற்றிகள் வேலை செய்யும், நம்மூர் மிக்சி, கெட்டில் சரியாக ஓடாது.

கிளம்பும் நாளுக்குக் கடைசியாக ஒன்று. விமானம் காலையில் என்றால், அல்லது புயல் அறிவிப்பு இருந்தால், முந்தின இரவே விமான நிலையத்தின் பக்கம் ரின்கு டவுனிலோ ஒசாக்காவின் தென்னோஜியிலோ தங்கிவிடுங்கள். இரண்டிலிருந்தும் விமான நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு. இக்கோகா அட்டையில் மிச்சமுள்ள பணத்தைக் கிளம்புமுன் மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனத்தின் நிலையத்தில் திரும்ப வாங்கலாம். அடுத்த ஆண்டுகளில் மறுபடி போகும் எண்ணம் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து பத்து ஆண்டு செல்லும்.